கரண்ட் வந்தால் ஸலாம் சொல்லும் வீடு

கம்பியூட்டருக்கு ஷைத்தான் பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனையில், புடவைக் கடையொன்றின் மேல்மாடியில், பெண்பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மெஷின்கள் பழுதானால் நானே திருகாணிகளைக் கழற்றித் திருத்திவிடுவேன். வெளியில் கொடுத்தால் முதலாளியின் முகம் ஒரு வாரத்துக்கு உம்மென்று இருக்கும், அந்தப் பயத்தில் பழகிய தொழில் அது. ஊராருக்கோ வைரஸ் வந்தால் ஷைத்தான், மொனிட்டர் நடுங்கினால் ஜின், எழுத்துகள் மாறி விழுந்தால் கண்ணூறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துபோனது.

அப்படி ஒரு நாள் சாய்ந்தமருதிலிருந்து ஒரு மனிதர் வந்தார். உள்ளே பெண்பிள்ளைகள் இருந்ததால் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மகளின் கணவர் சவூதியில் வேலைத்தளத்தில் விழுந்து மௌத்தாகிவிட்டாராம். மையித்தை அங்கேயே அடக்கிவிட்டார்களாம். மகள் வீட்டில் இத்தா இருக்கிறாள். மருமகன் லீவில் வந்தபோது கொண்டுவந்த கம்பியூட்டர் ஒன்று அவள் அறையில் பழுதாகிக் கிடக்கிறது. கணவனை இழந்த பெண் இத்தா முடியும்வரை அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள் என்பதால் திருத்துகிற ஆண்களை உள்ளே விட முடியாது. மெஷினை வெளியே தூக்கிக் கொடுக்கலாமே என்றேன். அதைத் தொட வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை என்றார்.

என்ன பழுது என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அது கதைக்கிது மகள்" என்றார்.

ஸ்பீக்கர் இருந்தால் கதைக்கத்தானே செய்யும் என்று நான் வெடுக்கென்று சொன்னேன்.

"ஓம். ஆனா முழுசாக் கதைக்குதில்ல" என்றார்.

மறுநாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு போனேன். கடற்கரைப் பக்கம், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்ற வீடுகளில் ஒன்று. அன்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. அறையின் யன்னல்களுக்குச் சேலைத்துணி கட்டி மறைத்திருந்ததால் உள்ளே போனதும் கண் இருட்டியது. கொஞ்சம் பழகிய பிறகுதான் கட்டிலின் ஓரத்தில் வெள்ளை உடுப்போடு இருந்த பெண்ணைக் கண்டேன். என்னைவிட இளையவள். நிலத்தில் பாயில், சுவரில் சாயாமல், ஒரு வயதான பெண் இருந்தார். இறந்தவருடைய தாய். தன் வீட்டிலிருந்து தினமும் இங்கே வந்துவிடுகிறாராம். மூலையில் மேசைமேல் கம்பியூட்டர். அதற்கு மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மையித்துக்குச் சுற்றுவதுபோல மெஷினுக்கும் கபன் போட்டாச்சா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கோப்பையில் தண்ணீர் இருந்தது. ஓதிய தண்ணீர் என்றார்கள், மெஷினுக்குத் தெளிக்கவாம். முதல் வேலையாக அதை எடுத்துக் குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

கரண்ட் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மா, அதாவது அந்தப் பெண்ணின் தாய், பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். மகள் தாழ்ந்த குரலில் கதையைச் சொன்னாள். கணவர் கடைசி லீவில் வந்தபோது அவளுக்கு டைப்பிங் பழக்குவதற்காக இதை வாங்கி வந்தார். விண்டோஸ் எழும்பும்போது வருகிற இசையை எடுத்துவிட்டு, மைக்கில் தன் குரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். மெஷினைப் போட்டால் அவர் ஸலாம் சொல்வார். வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். அவர் திரும்பிப் போன பிறகு, வீட்டில் ஆண்குரல் கேட்கட்டுமே என்று பின்னேரங்களில் அவள் இதைப் போடுவாளாம். கசட்டில் குரல் அனுப்புகிற காலம் அப்போது போய்விட்டது. கொமியுனிகேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்று ஃபோனில் கதைத்துவிட்டு வருவார்கள். ஃபோனில் கேட்ட குரலை யார் பிடித்து வைத்தார்கள்? அவருடைய குரல் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது.

மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. குசினியில் குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உதறிக்கொண்டது. அதோடு மூலையில், துணிக்குக் கீழே, 'டக்' என்று ஒரு சத்தம். வெள்ளைத் துணிக்குள் வெளிச்சம் மெல்லப் பரவியது. அந்தக் காலத்துப் பெட்டிகளின் சுவிச் அமுக்கினால் அமுங்கியே இருக்கும். நிறுத்தாமல் விட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மெஷின் தானாக எழும்பிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் தேநீர்க் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழன்றது. பிறகு நகத்தால் பலகையைத் தட்டுவதுபோல ஒரு தட்டல். ஓர் இடைவெளி. மறுபடியும் தட்டல். ஒரு சாதாரண மெஷின் எழும்ப எடுக்கிற நேரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் போயிற்று. யாரும் அசையவில்லை. பிறகு துணிக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது.

"அஸ்... அஸ்... அஸ்ஸ... லா... லா... லா... லா..."

அவ்வளவுதான். மூச்சு முட்டியவனின் குரல்போல அங்கேயே நின்றுவிட்டது.

குசினியிலிருந்து வீட்டுக்காரம்மா "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார். வெளி விறாந்தையிலிருந்து அவர் கணவரின் குரலும் அதையே சொன்னது. கட்டிலில் இருந்தவளின் உதடு அசைந்தது. ஸலாத்துக்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கடமை, சின்ன வயதில் இரத்தத்தோடு கலந்தது. நானும் சொல்லிவிட்டேன், ஒரு தகரப் பெட்டிக்கு. பாயில் இருந்த தாய் மட்டும் பதில் ஸலாம் சொல்லவில்லை. அவர் மூலையை நோக்கி முழங்காலால் நகர்ந்து போனார்.

"நான் பொருந்திட்டன் மகன்" என்றார். "இன்னும் ஏன் நாக்குப் புரளுதில்ல?"

பயந்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமில்லை. அன்று என்மேலேயே கோபம் வந்தது.

விஷயம் என்னவென்று மருமகள் என் காதில் குசுகுசுத்தாள். மகன் கடைசியாகப் பயணம் போனது தாய்க்கு விருப்பமில்லை. ஊரிலேயே ஒரு தொழிலைப் பார், என்னோடு இரு என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அவர் கேட்கவில்லை. நீ போனால் உன்னை நான் பொருந்தமாட்டேன், அதாவது மனமொத்து மன்னிக்கமாட்டேன் என்று தாய் சொல்லிவிட்டார். வழியனுப்பவும் வரவில்லை. இந்த வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை. மகன் ஃபோனில் கூப்பிட்டால் பேச வருவதுமில்லை. அப்படியிருக்கும்போதுதான் மௌத்துச் செய்தி வந்தது. தாயின் பொருத்தம் இல்லாதவனுக்குக் கடைசி நேரத்தில் நாக்குப் புரளாது, வாயில் இறைவன் ஒருவனே என்கிற கலிமா வராது என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இந்தத் தாய் மகனின் குரலை இந்த மெஷினில் முதன்முதல் கேட்டதே இப்படித் திக்கியபோதுதான்.

பள்ளிவாசல் ஆலிமிடமும் கேட்டிருக்கிறார்கள். பாவம், அவர் நல்ல மனிதர். அது இயந்திரம், அதைப் பிடித்துக்கொண்டு கவலைப்படாதீர்கள், மகனுக்குத் துஆச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தாய் கேட்கவில்லை. மெஷின் சொல்வது பழைய ஸலாம்தான் என்று மருமகளும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது அவன் உயிரோடு இருந்தபோது சொன்னது, இப்போது சொல்ல வருவது வேறு, தன் பொருத்தம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதைத்தான் சொல்ல வருகிறான் என்று அவர் தீர்மானமாக இருந்தார். கரண்ட் போனால் ஊரெல்லாம் ஏசும். இவர் மட்டும் அது திரும்பி வருவதற்காக இங்கே வந்து காத்திருப்பார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. துணியை இழுத்துக் கழற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

பழுதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பாகங்களின் பட்டியலைத் திறந்தபோது ஹார்ட் டிஸ்க் பகுதிக்கு எதிரே மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி நின்றது. டிஸ்க்கையும் மற்றப் பாகங்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கிற சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது ஏறியிருக்கவில்லை. டிரைவர் ஏறாவிட்டாலும் மெஷின் நின்றுவிடாது. பழைய காலத்து வழியில், டிஸ்க்கை எட்டி எட்டிப் பார்த்து, துண்டு துண்டாக வாசிக்கும். அடுத்த துண்டு வந்து சேருமுன் ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பது முடிந்துபோகும். முடிந்ததும் கையிலிருக்கிற துண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். குரல் திக்குவதற்குக் காரணம் அதுதான். இதில் இன்னொரு கோணல். டிரைவர் ஒருமுறை தடக்கி விழுந்தால், மெஷின் அதை உள்ளே ஓர் இடத்தில் குறித்து வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு அந்த டிரைவரை முயன்றும் பார்க்காது.

ஏன் தடக்கியது என்று விசாரித்தேன். மௌத்துச் செய்தி வந்த அன்று வீடு நிறையச் சனம், தாய் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அழுகைக்கு நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. மெஷின் தானாக எழும்பி, இறந்தவரின் குரலில் முழுசாக, தெளிவாக ஸலாம் சொல்லியிருக்கிறது. பெண்கள் அலறி விழுந்திருக்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறார், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே. சில நாள் கழித்து மகள் யாருக்கும் சொல்லாமல் வயரைத் திரும்பச் செருகியிருக்கிறாள். அப்போதிருந்து இப்படி.

எனக்கு வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. தாயின் பக்கம் திரும்பினேன்.

"மாமி, இது உசிரோட இருக்கக்குள்ள புடிச்சு வெச்ச குரல். வயரப் புடுங்கினதால டிரைவர் பழுதாப் போச்சு. அதான் திக்குது. வேற ஒண்டுமில்ல."

"எப்ப பழுதான?"

"அண்டைக்குத்தான். மௌத்துச் செய்தி வந்த அண்டைக்கு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப நான் சொல்றதும் அதுதானே மகள்" என்றார்.

நான் கம்பியூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரைவரைத் தொடுமுன் குரலை ஒரு புளொப்பியில் பிரதி எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் சாண் ஏற முழம் சறுக்கியது. பாதி தூரம் போனதும் பிரதி நின்றது. அந்தத் தட்டல் தொடங்கியது. டிஸ்க்கின் தட்டில் ஓர் இடம் கெட்டிருக்கிறது, அதை வாசிக்க முடியாமல் உள்ளேயிருக்கும் ஊசி போய் முட்டித் திரும்பி வந்து முட்டுகிறது என்பது அந்தச் சத்தத்தின் பொருள். வயரைப் பிடுங்கியபோதே இந்தக் காயமும் பட்டிருக்க வேண்டும். குரல் கிடந்த இடமும் அதுவாகவே இருந்தது. டிஸ்க்கைச் சோதித்துத் திருத்துகிற வழி ஒன்று உண்டு. ஆனால் அது கெட்ட இடத்தை வெட்டி ஒதுக்கும்போது அங்கே இருப்பதையும் சேர்த்து வெட்டிவிடலாம். இன்னும் சில நாள் இப்படியே தானாக எழும்பிக்கொண்டிருந்தால் எதுவுமே மிஞ்சாது.

மருமகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"இல்லாமப் போயிருமா டீச்சர்?" என்றாள்.

போகலாம் என்றேன். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

நான் திரும்பத் திரும்ப முயன்றேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தட்டல். பின்னாலிருந்து தாய், "தட்டுறான்" என்றார். சும்மா இருங்க மாமி என்று சீறினேன். அந்த அறையில், சேலை மறைத்த வெளிச்சத்தில், கடல் இரையும் சத்தத்துக்கு மேலே, பெட்டிக்குள்ளிருந்து ஒருவன் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருப்பதைக் கேட்கக் கேட்க எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம் எனக்கும் பட்டது. எரிச்சலில் மெஷினை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றிப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து வயரை மாட்டிப் போட்டேன். தேய்ந்துபோன டிஸ்க் சில நேரம் படுத்துக் கிடக்கும்போது வாசிக்காததை நிமிர்த்தினால் வாசிக்கும். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தட்டல் இரண்டு முறை கேட்டது. பிறகு ஒரு நீண்ட உரசல். புளொப்பியின் விளக்கு எரிந்தது. குரல் முழுவதும் வந்து சேர்ந்தது.

அதை அந்த மெஷினில் போட்டுக் கேட்க முடியாது, திக்கத்தான் செய்யும். புளொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சுவிச்சை நிறுத்தி, வயரையும் கழற்றிவிட்டுப் புறப்பட்டேன். வழியில் சோதனைச் சென்ட்ரியில் கைப்பையைத் திறந்து பார்த்த ஆமிக்காரன் புளொப்பியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே என்ன என்று கேட்டான். பாடம் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் வகுப்பிலிருந்த பழைய டிஸ்க் ஒன்றையும், அந்த மெஷினுக்கு ஏற்ற டிரைவரையும் எடுத்துக்கொண்டு போனேன். தாய் எனக்கு முன்னமே வந்திருந்தார். குளித்து, தொழுது, கையில் தஸ்பீஹ் மணிமாலையோடு பாயில் இருந்தார். இன்றைக்கு நாக்குப் புரளும் என்று கனவு கண்டதாகச் சொன்னார். நான் குனிந்து வேலையைத் தொடங்கினேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். நான் கொண்டுபோனதில் எல்லாவற்றையும் ஏற்றி, டிரைவரைப் போட்டேன். மஞ்சள் குறி போய்விட்டது. புளொப்பியிலிருந்த குரலை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டேன்.

திரை கறுப்பாக இருந்தது. தட்டல் இல்லை. அந்தத் தட்டலுக்குப் பழகிய காதுக்கு அது இல்லாததுதான் பயமாக இருந்தது. தாயின் விரலில் தஸ்பீஹ் நின்றுவிட்டது. குசினியில் பாத்திரச் சத்தமும் நின்றிருந்தது. பிறகு, பக்கத்தில் நிற்கிற ஒருவன் சொல்வதுபோல, குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். வேல முடிஞ்சா ஒழுங்கா மூடிட்டு எழும்புங்க, என்ன? சும்மா புடுங்கிப் போடாதீங்க."

கடைசிச் சொல்லில் ஒரு சிரிப்பும் இருந்தது. வீடு முழுக்க ஒரே நேரத்தில் பதில் ஸலாம் எழுந்தது. மருமகள் அழுகையும் சிரிப்புமாகக் கட்டிலிலிருந்து இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இதுதான் டீச்சர், இதேதான் என்றாள். எனக்கும் கண் கலங்கியது. தொழிலில் அவ்வளவு பெருமை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

தாய் பாயில் அப்படியே இருந்தார். இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சா?" என்றார்.

"ஓம் மாமி. அவ்வளவுதான்."

"என்னைப் பத்தி ஒண்டும் இல்லயா?"

அது மெஷினைப் பற்றிச் சொன்னதுதானே மாமி, அப்போது வேறு என்ன சொல்வார் என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். தாய் தலையை ஆட்டினார். அழவில்லை. எழும்பி வந்து, கம்பியூட்டரின் சூட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"திக்கித் திக்கி நின்ட நேரம், என்னோட கதைக்கத்தான் நிக்கிறான் எண்டு இருந்தன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இத பழையபடி ஆக்கித் தர ஏலுமா மகள்?"